வாசலிலிருந்து நூறு மீட்டர்

நான் ரிட்டயர் ஆன அன்று சால்வை போட்டார்கள். எவர்சில்வர் குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "மேடம் இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் எதற்கு என்று அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திருவொற்றியூரில் அந்த பம்பு மோட்டார் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினவள் நான். அதில் பத்தொன்பது வருஷம் சங்கத்தில் கமிட்டி மெம்பர். என்னோடு பேசி முடிப்பதற்குள் எத்தனை நாள் அவருடைய மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் சங்க ஆபீஸில் இருந்தேன்.

ஹைரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் ஆபீஸ். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும், "சனிக்கிழமையோட முடிஞ்சிருச்சின்னாங்களே?" என்றார்.

"கம்பெனிதான் முடிஞ்சுது. சாவி குடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டவர். துறைமுகத்தில், கப்பலில் ஏற்றின கன்டெய்னர்கள் சரியாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. நான் தினமும் ஆபீஸ் போவதை அவர் தடுக்கவில்லை. "வூட்ல குந்திகினு இருந்தா என்னாண்டதான் சண்ட வலிப்பே. அங்க போய் வலி" என்றார். அதுதான் அவர் அனுமதி கொடுக்கிற விதம்.

ஏன் இன்னும் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பொழுது போகவில்லை, பழக்கம் விடவில்லை என்று ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையான காரணம் வேறு. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. பர்மனென்ட் ஆட்களில் யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம், சம்பளமும் கூட்டித் தருகிறோம். பதிலுக்கு அசெம்பிளியில் கான்ட்ராக்ட் ஆள் வைத்துக்கொள்ள நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். நன்றாக, தோளுக்கு மேலே தூக்கினேன். ஒரே வருஷத்தில் அசெம்பிளி முழுக்க, யூனிஃபார்மாக நீலக் கோட்டு மாட்டிய கான்ட்ராக்ட் பெண்கள் நிறைந்தார்கள். எங்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு. நாங்கள் செய்த அதே வேலைதான். ஆனால் நீலக் கோட்டை எப்போது வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம். அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

சங்கத்து ஆண்டு மலரில் இதை யாரும் எழுத மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து, ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். காலை ஷிப்ட் விட்டிருந்தது. மாடிப்படியில் தயங்கித் தயங்கி யாரோ ஏறி வருகிற சத்தம். முப்பது வயசுப் பெண். எண்ணூர் பக்கத்து மீனவர் குப்பம். நீலக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். கான்ட்ராக்ட் ஆட்கள் யாரும் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. வந்தவள் உட்காரவில்லை. கைக்குள் வைத்திருந்த ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை மேஜைமேல் வைத்தாள். நடுவில் ஓட்டை, அதில் ஒரு கயிறு.

"இன்னாமா இது?"

"கக்கூஸ் டோக்கன்க்கா."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எங்க லைன்ல முப்பத்திரண்டு பொம்பளைங்கோ. முப்பத்திரண்டு பேருக்கும் சேத்து இந்த ஒரே டோக்கன். இத கயித்துல மாட்டிகினு ஒர்த்தி போய்ட்டு வந்தாத்தான் அடுத்தவ போலாம். சூப்ரவைசரு போற டைமு, வர்ற டைமு ரெண்டியும் நோட்டுல எய்திக்கினே நிக்கிறாரு. ஏழு நிமிசம். தாண்டுனா மைக்குல லைன் நம்பர் சொல்லிக் கூப்டறாங்கோ. மொத்த ஷெட்டுக்கும் கேக்குது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா. இப்பல்லாம் யாரும் தண்ணியே குடிக்கிறதில்லக்கா. மூணு பேருக்கு நீர்க்கடுப்பு. ஒர்த்தி ஜொரம் வந்து ஆஸ்பத்திரில கீறா."

"இத எப்டி எட்த்துகினு வந்தே?"

"கடைசியா போனது நான்தான். திருப்பிக் குடுக்கல. நாளைக்கே அவனுங்க வேற ஒண்ணு செஞ்சிப்பானுங்கோ, தெரியும். இன்னிக்கி ஒரு நாளு அவனுங்க கையில இல்லாம இருக்கட்டுமேன்னு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, "குந்து. முதல்ல தண்ணி குடி" என்றேன். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

அன்று மாலை சங்கத்துச் செயலாளரிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது சின்னவர். டெஸ்டிங் செக்‌ஷன். நல்லவர்தான், ஆனால் அப்போது சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிகிற கட்டத்தில் இருந்தது.

"அக்கா, இப்ப இதைக் கிளப்பினா செட்டில்மென்ட் தள்ளிப்போவும். அதுவும் இல்லாம அவங்க நம்ம மெம்பர் கிடையாதே."

"மெம்பர் ஆக்கிக்கோ."

"அது ஈஸி இல்லக்கா. நீங்களே இப்ப ரிட்டயர்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"முழுசா சொல்லு. ரிட்டயர் ஆனவளுக்கு இதுல இன்னா ஜோலின்னு கேக்க வர்றே."

"அப்டி இல்லக்கா."

"அப்டித்தான். பரவால்ல. உன் செட்டில்மென்ட்டுல ஒரு வரியக்கூட நான் தொட மாட்டேன். சங்கத்து லெட்டர்பேடு மட்டும் குடு."

மறுநாள் நான் ஆபீஸைத் திறந்தபோது லெட்டர்பேடு மேஜை இழுப்பறையில் இருந்தது.

எனக்குத் தெரிந்த வழி மனு. பத்தொன்பது வருஷம் மனு எழுதியே பழகிய கை. கோரிக்கையை எழுதிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்று, ஷிப்ட் விட்டு வரும் பெண்களிடம் கையெழுத்துக் கேட்டேன். குனிந்த தலை நிமிராமல் போனார்கள். சிலர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போனார்கள். இரண்டு நாளில் கிடைத்தது ஆறு கையெழுத்து. மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்து என் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"யக்கா, இது வேணாம்க்கா."

"ஏன்?"

"பேரை வரிசையா எய்தி அவனுங்க கையில குடுத்தா, யார முதல்ல தூக்கறதுன்னு நாமளே லிஸ்ட் போட்டுக் குடுத்த மாரி ஆவும்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் மனுக்கள் எல்லாம் பலித்தது என் எழுத்துத் திறமையால் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பர்மனென்ட்; கையெழுத்துப் போட்டதற்காக எங்களை யாராலும் தொட முடியாது. அவ்வளவுதான் விஷயம். அந்த ஆறு பேரின் பெயர் இருந்த பேப்பரை அங்கேயே நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அப்ப இன்னா பண்லாம், நீயே சொல்லு."

"தண்ணி குடிக்கலாம்க்கா."

திட்டம் முழுக்க அவளுடையது. பத்து மணி டீ பிரேக்கில் லைனில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பது. பத்தரை மணிக்கு மேல் எல்லோருமாக எழுந்து கக்கூஸுக்குப் போவது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. எல்லோரும் ஒன்றாகப் போனால் யார் தலைவர் என்று யாரால் சொல்ல முடியும்?

"ஏன் எல்லாரும் ஒண்ணா எய்ந்தீங்கன்னு கேட்டா?"

"அவசரம்னு சொல்றது. அது இன்னா பொய்யா?"

அந்த அறையில் நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே போய் கேட்டுக்கு எதிரே நின்றேன். வாசலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், அதுதான் கம்பெனியின் எல்லை. செக்யூரிட்டிக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம்.

"யக்கா, கோட்டுக்கு அந்தாண்ட நில்லுக்கா. கேமராவுல தெரியும்."

"அந்தாண்டதாம்பா நிக்கிறேன். ரோடு உங்க மொதலாளிது இல்ல."

கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று புழுதியும் புகையுமாக இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மதிலுக்கு உள்ளே அசெம்பிளி பெல்ட் ஓடுகிற இரைச்சல் ரோட்டுக்கே கேட்கும். அந்த இரைச்சலுக்குள்தான் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். பத்தரை ஆயிற்று. பத்து முப்பத்தைந்து. ஓடிக்கொண்டே இருந்தது. பயந்துவிட்டார்களோ, கடைசி நேரத்தில் யாராவது போய்ச் சொல்லிவிட்டார்களோ என்று மதிலை ஒட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பத்து நாற்பது இருக்கும். இரைச்சல் சட்டென்று நின்றது.

செக்யூரிட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாக்கா ஆச்சு உள்ள?"

"தண்ணி குட்சிட்டாங்க போல" என்றேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவள் சொன்னாள். முப்பத்திரண்டு பேரும் எழுந்ததும் சூப்பர்வைசர் புது டோக்கனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தர் ஒருத்தரா! ஒருத்தர் ஒருத்தரா!" என்று கத்தினாராம். அவரைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றார்கள். இருந்த நாலு கக்கூஸில் இரண்டு பூட்டிக் கிடந்தது. வரிசை ஸ்டோர்ஸ் வாசல்வரை நீண்டது. அதைப் பார்த்துப் பக்கத்து லைனும் எழுந்துவிட்டது. ஹெச்.ஆர். மேனேஜர் ஓடிவந்து, "யார் சொல்லிக் குடுத்தது இதை?" என்று கேட்டிருக்கிறார். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு அம்மா, "வவுறு சொல்லிச்சு சார்" என்றாளாம்.

முக்கால் மணி நேரம் பெல்ட் ஓடவில்லை. மறுநாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் மேனேஜர் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டார். செயலாளர் அன்று பேசியதை நான் மறக்க மாட்டேன். "அவங்க எங்க மெம்பர் இல்லன்னு நீங்கதானே சார் சொல்வீங்க? அவங்க யாரைக் காட்டறாங்களோ அவங்களோட பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நீலக் கோட்டுகள் என்னைக் காட்டினார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் அட்டையைத் தட்டிவிட்டு நுழைந்த கேட்டில் பெயர், விலாசம், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டினார்கள். அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே மேனேஜர் அறையில் இருந்தார்கள். நிற்க வைத்திருந்தார். "குந்துங்கமா" என்றேன். உட்கார்ந்தார்கள்.

"மேடம், உங்களுக்கும் இந்தக் கம்பெனிக்கும் இப்ப என்ன சம்பந்தம்? நீங்க அவுட்சைடர்" என்று ஆரம்பித்தார்.

"சார், நான் சுத்துன காயில் எத்தினியோ கிணத்துல இன்னும் தண்ணி எறைச்சுகினு கீது. அதையெல்லாம் அவுட்சைடர்னு சொல்லித் திருப்பி வாங்கிக்குவீங்களா?"

"அது வேற விஷயம்."

"சரி, வேறன்னே வச்சிக்கலாம். வெளியாளும் சங்கத்துல நிர்வாகியா இருக்கலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. நான் வெளியாளாவே உக்காந்துக்கறேன். நீங்க டோக்கனப் பத்திப் பேசுங்க."

உற்பத்தி, டார்கெட், லைன் பேலன்ஸ் என்று ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். அவர் முடித்ததும், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டி, "சார், அது உங்க பாத்ரூம்தானே? அதுக்கு டோக்கன் யாராண்ட கீது?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அப்போது அந்தப் பெண் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. ஜுரம் வந்து படுத்தவளைப் பற்றிச் சொன்னாள். மாதவிலக்கு நாளில் ஒருத்தி டோக்கனுக்காக ஒரு மணி நேரம் நின்றதையும், அப்புறம் அவள் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதையும் சொன்னாள். மேனேஜர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு டோக்கன் ஒழிந்தது. பூட்டியிருந்த இரண்டு கக்கூஸையும் திறந்தார்கள். நேரம் எழுதுகிற நோட்டு மட்டும் இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறகு அதையும் காணோம்.

டோக்கன் ஒழிந்த அதே மாதக் கடைசியில் கான்ட்ராக்டர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து வேலை இல்லை" என்றார்.

ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! படியேறி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை. உன்னால்தான் என்று திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்ப இன்னாக்கா பண்ணனும்?" என்றுதான் கேட்டாள். மறுநாளிலிருந்து காசிமேட்டில் மீன் எடுத்து ரோட்டோரம் விற்க உட்கார்ந்தாள்.

அவளைத் திரும்ப வேலைக்கு எடு என்று கேட் மீட்டிங் போடத் தேதி குறித்தேன். கம்பெனி கோர்ட்டுக்குப் போய்விட்டது. கேட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் கூட்டம் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, மைக் வைக்கக் கூடாது என்று உத்தரவு. எதிர்வாதிகள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாக என் பெயர் கோர்ட்டுப் பேப்பரில் வந்தது. செயலாளர் கவலையோடு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"நூறு மீட்டருன்னா எங்க வரும்?" என்றேன்.

"அளந்தா தெரிஞ்சிடப் போவுது" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி கடையில் ஐம்பது மீட்டர் டேப் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மஞ்சள் கோட்டில் அவர் குனிந்து டேப்பை வைத்ததும் செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்தார்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீறீங்கோ?"

"கோர்ட்டு உத்தரவுக்கு மரியாத குடுக்கறோம்பா. இந்த மொனைய செத்த மிதிச்சிக்கோ."

அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிதித்துக்கொண்டார். ஐம்பது மீட்டர் இழுத்தோம். அங்கே ஒரு அடையாளம் போட்டு இன்னொரு ஐம்பது. மெட்ரோ தூண் ஒன்றைத் தாண்டி, டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. வம்பு வேண்டாம் என்று இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்து, வீட்டுக்காரர் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். நிமிர்ந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப்பும் ஷேர் ஆட்டோ நிற்கிற இடமும் அதற்கு அப்பால். லாரி போக வர இடைஞ்சல் என்று பஸ் ஸ்டாப்பை வாசலிலிருந்து தள்ளி மாற்றச் சொல்லி எழுதிக் கேட்டதே கம்பெனிதான். ஷிப்ட் விட்டால் அத்தனை பெண்களும் எங்கள் கோட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

திங்கட்கிழமை மூன்றரை மணி. ஒரு மைக், ஒரு செங்கொடி, நிற்பதற்கு ஒரு மரப்பெட்டி. நீலக் கோட்டுகள் வெளியே வந்தன. முதலில் வந்த பத்துப் பதினைந்து பேர் நிற்காமல் போனார்கள். யாருமே நிற்காவிட்டாலும் பேசிவிட்டுத்தான் இறங்குவது என்று மைக்கைப் பிடித்தேன்.

"உங்கள எல்லாம் கான்ட்ராக்ட்டுல வச்சிக்கலாம்னு அன்னிக்கு கை தூக்குனவங்கள்ல நானும் ஒர்த்தி" என்றேன். அப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வரவில்லை. அதுதான் முதலில் வந்தது. "எங்க வேலைய காப்பாத்திக்க உங்க வேலைய வித்தோம். அதுக்கு மன்னிப்பு கேட்டுகினு வூட்ல படுக்கறதுக்கு நான் வரல. அத மாத்தறதுக்கு வந்துகீறேன். என்னைய ரிட்டயர் ஆனவன்றாங்கோ. இதுலேர்ந்து எனக்கு யாரும் ரிட்டயர்மென்ட் குடுக்கல."

ஒரு பெண் நின்றாள். பிறகு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்த நாலு பேர் இறங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் கோட்டுகளும் வந்தன, செயலாளர் முன்னால். நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"தொண்ட கட்டிச்சுக்கா உங்களுக்கு. மைக்கக் குடுங்க" என்றார்.

"முடிச்சிட்டுத் தர்றேன், இரு" என்றேன்.

பதினோரு வேலை நாள், தினமும் மூன்றரை மணிக்கு, அதே இடத்தில் கூடினோம். இரண்டு தடவை போலீஸ் வந்தது. டேப்பைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னோம். போய்விட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கான்ட்ராக்டர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வரச் சொன்னார். பழைய லைனில் விடவில்லை. தனியாக ஸ்டோர்ஸில் போட்டார்கள், யாரோடும் பேச முடியாதபடி. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்கும் ஒரு மீட்டிங் போடலாம் என்றேன்.

"வுடுக்கா," என்றாள். "போல்ட்டு நட்டு வாங்க எல்லா லைன்காரங்களும் ஸ்டோர்ஸுக்குத்தானே வந்தாவணும்? முன்ன ஒரு லைன்தான் தெரியும். இப்ப மொத்த ஷெட்டும் என்னாண்ட வந்து நிக்குது."

அவள் ஸ்டோர்ஸுக்குப் போன பிறகுதான் சங்கத்தில் நீலக் கோட்டுகள் சேர ஆரம்பித்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விதியைத் திருத்துவதற்குப் பொதுக்குழுவில் பெரிய சண்டை நடந்தது. கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தோம். பழைய தோழர்கள் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கோர்ட்டு வழக்கும் முடியவில்லை. வாய்தா நாட்களில் வக்கீல், "நீங்க வர வேணாம்மா, வயசாச்சு" என்பார். போய் முதல் வரிசையில் உட்காருவேன்.

இப்போது ஸ்டூல் பிரச்சினை. அசெம்பிளியில் எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டூல் கேட்டிருக்கிறோம். போன வாரம் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. 'இந்நிறுவனத்தின் பணியாளர் அல்லாத தங்களுக்கு இது குறித்துப் பேச எவ்வித அதிகாரமும் இல்லை' என்று நாலு பத்திக்கு எழுதியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். லெட்டர்பேடில் ஒரே வரி பதில் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

'புதன்கிழமை மூன்றரை மணிக்கு வருகிறோம்.'